109ஆம் சங்கீதத்தை எதிரியின் பெயர் சொல்லிப் படிக்கலாமா?

கேள்வி: என் கணவர் இறந்து நான்கு வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகள். கணவர் பெயரில் இருந்த தோட்டத்தை அவருடைய அண்ணன் போலிப் பத்திரம் போட்டுத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. கேட்கப் போனதற்கு, என் நடத்தையைப் பற்றி ஊர் முழுக்கத் தப்பாகப் பேசிவிட்டார். யூடியூபில் வரும் ஓர் ஊழியக்காரருக்குப் போன் செய்தேன். 21 நாள், நள்ளிரவு 12 மணிக்கு முழங்காலில் நின்று 109ஆம் சங்கீதத்தைப் படி, 'அவன்' என்று வரும் இடத்திலெல்லாம் எதிரியின் பெயரைச் சொல்லு என்றார். காணிக்கையும் வாங்கிக்கொண்டார். படித்தேன். 'அவன் மனைவி விதவையாக' என்ற இடம் வரும்போதெல்லாம் நாக்கு இழுத்துக்கொள்ளும், நானே விதவைதானே. மூன்றாவது வாரம் அவருடைய மகன் பைக்கிலிருந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காலேஜ் படிக்கிற பையன். என்னைச் சித்தி, சித்தி என்று கூப்பிடுகிறவன். என் ஜெபம்தான் அவனை அடித்ததா? எங்கள் போதகரிடம் சொன்னேன். "சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று இயேசு சொல்லியிருக்க, இப்படி ஜெபித்தது பாவம். மன்னித்துவிடுங்கள், கோர்ட் கேஸ் என்றும் போகாதீர்கள்" என்றார். கணவரின் அண்ணன் எங்கள் சபைக் கமிட்டியில் இருக்கிறவர். வேதத்தில் இருப்பதைத்தானே படித்தேன்? இனி நான் என்ன செய்ய? பையனைப் பார்க்கப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பையனைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அது மனதில் கிடக்கும்வரை நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

உங்கள் ஜெபம் அவனை அடிக்கவில்லை. ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, 'அப்படியல்ல' என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களிடையே ஒரு பழமொழி உலாவியது: 'பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின.' இதை இனி யாரும் சொல்லக் கூடாது என்று எசேக்கியேல் மூலம் கர்த்தர் நிறுத்தினார். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அந்த 18ஆம் அதிகாரம் அடித்துச் சொல்கிறது. தகப்பன் போட்ட போலிப் பத்திரத்துக்கு மகனின் காலை உடைக்கிற தேவனை அந்த அதிகாரத்தில் காண முடியாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன பெயரைத் தேவன் அப்படியே போய் அடித்துவிட்டு வருவார் என்றால், அவர் நியாயாதிபதி இல்லை. நீங்கள் ஏவிவிட்ட ஆள். உங்களுக்கு அந்தச் சங்கீதத்தைக் கொடுத்த ஊழியக்காரர் அப்படிப்பட்ட ஒரு கடவுளைத்தான் விற்கிறார். 21 நாள், நள்ளிரவு, பெயர் சொல்வது, காணிக்கை: இந்த நான்கில் ஒன்றுகூட சங்கீதத்தில் கிடையாது. செய்வினைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கிறது, புத்தகம் மட்டும் பைபிள்.

இது இன்று முளைத்த வியாபாரமும் இல்லை. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் 1557இல் வெளியிட்ட சங்கீத விளக்கவுரையில், சரியாக இந்த 109க்கு வரும்போது ஒரு விஷயம் எழுதுகிறார். யாருக்காவது தீராத பகை இருந்தால், பிரான்சிஸ்கன் துறவிகளில் ஒருவருக்குக் காசு கொடுப்பார்களாம். அவர் தினமும் இந்தச் சங்கீதத்தை ஓதி எதிரியைச் சபிப்பாராம். தனக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, தான் பெற்ற ஒரே மகனைச் சபிக்கவே ஆள் வைத்திருந்தாள் என்கிறார். கால்வினுக்குத் துறவிகள்மேல் இருந்த காட்டத்தைக் கழித்துக்கொண்டே படித்தாலும், கதை நமக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கிறது. அன்று துறவி, இன்று யூடியூப். தயவுசெய்து அவருடைய எண்ணை போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் அந்தச் சங்கீதம் வேதத்தில் ஏன் இருக்கிறது?

நீங்கள் 6ஆம் வசனத்திலிருந்து 15ஆம் வசனம்வரைதான் அழுத்திப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான். இன்று ஒரு தடவை, பகலில், முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். தொடக்கத்தில் பேசுகிறவன், பொய் நாவால் பழி சுமத்தப்பட்டவன். அன்பு காட்டினான், பதிலுக்குப் பகை கிடைத்தது. 'நானோ ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்கிறான். 22ஆம் வசனத்தில் 'நான் சிறுமையும் எளிமையுமானவன், என் இருதயம் எனக்குள் குத்துண்டிருக்கிறது' என்கிறான். 24இல், உபவாசத்தால் முழங்கால் தளர்ந்துபோயிற்று என்கிறான். கையில் அதிகாரம் உள்ளவன் இப்படிப் பேச மாட்டான். பத்திர ஆபீசும் ஊர்வாயும் எதிராளியின் பக்கம் போனபின், போக வேறு இடமில்லாதவன் பேசுகிற பேச்சு இது.

6ஆம் வசனத்தில் ஒரு வழக்குமன்றக் காட்சி இருக்கிறது. எதிராளியின் வலது பக்கத்தில் குற்றம்சாட்டுகிறவன் நிற்கட்டும், விசாரணையில் அவன் குற்றவாளியாகட்டும் என்று கேட்கிறான். கடைசி வசனத்தில் அதே வலது பக்கம் திரும்ப வருகிறது. அங்கே ஏழையின் வலது பாரிசத்தில் கர்த்தரே வந்து நிற்கிறார், அவனை ஆக்கினைக்குத் தீர்க்கிறவர்களிடமிருந்து காப்பாற்ற. முதலிலிருந்து கடைசிவரை இது ஒரு மனு. தீர்ப்பு எழுதும் பேனாவை மனுதாரர் கையில் எடுக்கவே இல்லை.

மனுவில் கேட்கப்படுவதும் வாய்க்கு வந்த வசவு கிடையாது. உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் பொய்ச்சாட்சிக்கு ஒரு சட்டம் உண்டு: அடுத்தவனுக்கு என்ன செய்ய நினைத்தானோ, அதையே அவனுக்குச் செய்ய வேண்டும். சங்கீதக்காரன் அந்தச் சட்டத்தின்படி தண்டனை கேட்கிறான்.

உங்கள் நாக்கு இழுத்துக்கொண்ட அந்த 9ஆம் வசனத்துக்கு வருகிறேன். யாத்திராகமம் 22ஐ எடுங்கள். விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காதீர்கள். அவர்கள் என்னை நோக்கி முறையிட்டால் நான் நிச்சயமாய்க் கேட்பேன். அப்போது உங்கள் மனைவிகள் விதவைகளும் உங்கள் பிள்ளைகள் திக்கற்றவர்களும் ஆவார்கள் என்று கர்த்தர் எச்சரிக்கிறார். சங்கீதத்தில் இருப்பது ஏறக்குறைய இதே வார்த்தைகள். விதவையின் சொத்தைத் தொடுகிறவனுக்குக் கர்த்தர் என்றோ விடுத்த எச்சரிக்கையை, ஒடுக்கப்பட்ட ஒருவன் அவருக்கே நினைவுபடுத்துகிறான். ஆகவே அந்த வசனம் உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது என்று பயப்பட வேண்டாம். அது முதலில் உங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது.

ஆனாலும் நாக்கு இழுத்தது நல்லதுதான். யாத்திராகமத்தின் இந்த எச்சரிக்கையும், மகன் சுமப்பதில்லை என்ற எசேக்கியேலின் வார்த்தையும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒட்டித் தைத்து உங்களுக்குச் சமாதானம் சொல்ல நான் முயலப் போவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் வேலை உங்களுடையதாக இல்லாதது ஒரு பெரிய விடுதலை என்று மட்டும் சொல்வேன்.

6 முதல் 19 வரை சங்கீதக்காரன் பேச்சே இல்லை, அவனுடைய எதிரிகள் அவனைச் சபித்த வார்த்தைகளைத்தான் அவன் எடுத்துச் சொல்கிறான் என்று ஒரு விளக்கம் உண்டு. அதுவரை 'அவர்கள்' என்று பன்மையில் இருந்தது அந்த இடத்தில் 'அவன்' என்று ஒருமைக்கு மாறுவதைக் காட்டுவார்கள். கவனிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டாலும், இதேபோல் எதிரிகளைச் சபிக்கும் 58, 69, 83, 137ஆம் சங்கீதங்கள் எல்லாம் மிச்சம் இருக்கின்றன. அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் பேதுரு, யூதாஸின் இடத்துக்கு வேறொருவரைத் தேடும்போது 69ஆம் சங்கீதத்தையும் இந்த 109:8ஐயும் சேர்த்துத்தான் எடுத்துச் சொல்கிறார். எனக்கு அந்த விளக்கம் கொஞ்சம் வசதியாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் போதகர். அவரை ஒதுக்கிவிட முடியாது. பெரிய ஆட்கள் அவர் பக்கம் இருக்கிறார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கு ஆராதனை நூல் தயாரித்தபோது, கிறிஸ்தவச் சபையின் வாய்க்கு இவை கொஞ்சமும் தகாதவை என்று பல சங்கீதங்களையும் பல பகுதிகளையும் வெட்டி எடுத்தார். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் திருத்தி வெளியிட்ட திருப்புகழ்மாலை என்ற தினசரி ஜெபநூலில் 58, 83, 109 மூன்றும் முழுவதுமாக விடப்பட்டன. மனதுக்கு உண்டாகும் சங்கடமே காரணம் என்று சொல்லியே விட்டார்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்பதும் போதகர் இட்டுக்கட்டியது இல்லையே, மலைப்பிரசங்கம். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடட்டுமா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் இயேசு அதட்டினார். கூட்டங்களில் 'அக்கினி! அக்கினி!' என்று கத்துகிறவர்கள் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அதே லூக்கா சுவிசேஷத்தில், 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். 'எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்' என்று அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டுகிறாள். வீட்டுக்குப் போ, அவனை மன்னித்துவிடு என்று இயேசு அவளிடம் சொல்லவில்லை. ஜெபம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே அவளைத்தான் உதாரணம் காட்டினார். வெளிப்படுத்தின விசேஷத்தில் இரத்தசாட்சிகள் பரலோகத்திலிருந்தே 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார்கள், எங்கள் இரத்தத்துக்கு எப்போது நியாயம் செய்வீர் என்று. அவர்களுக்கும் அதட்டல் கிடைக்கவில்லை, வெள்ளை அங்கிதான் கிடைத்தது. பவுல், தனக்கு வெகு தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைப் பெயர் சொல்லி எழுதி, கர்த்தர் அவனுக்குப் பதிலளிப்பாராக என்று விட்டுவிடுகிறார்.

அந்த 'விட்டுவிடுவது'தான் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இடம். தாவீதைப் பாருங்கள். எங்கேதி வனாந்தரத்தில், தான் ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே சவுல் தனியாக வந்து மாட்டினான். தாவீது அவன் அங்கியின் தொங்கலை அறுத்தெடுத்தான், ஆளைத் தொடவில்லை. வெளியே வந்து, கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும், என் காரியத்தில் அவரே நீதியைச் சரிக்கட்டட்டும், 'உம்முடைய பேரில் நான் கைபோடுவதில்லை' என்று சத்தமிட்டான் (1 சாமுவேல் 24). நியாயத்தீர்ப்பையும் கேட்கிறான், கையையும் கட்டிக்கொள்கிறான். அதனால்தான் பவுல் ரோமர் 12இல் 'பழிவாங்குதல் எனக்குரியது' என்ற வசனத்தைச் சொன்ன கையோடு, உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடு என்று தொடர முடிகிறது. வழக்கு மேலே ஒப்படைக்கப்பட்டுவிட்டது, இனி சோறு போடலாம்.

ஜெர்மனியில் நாஜிக்களை எதிர்த்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937 ஜூலையில் 58ஆம் சங்கீதத்தின்மேல் பிரசங்கம் செய்தார். 'தேவனே, அவர்கள் வாயிலுள்ள பற்களைத் தகர்த்துப்போடும்' என்று வரும் அதே சங்கீதம். அவருடைய நண்பர் மார்ட்டின் நீமோலரை அந்த மாதம் 1ஆம் தேதிதான் நாஜிக்கள் கைது செய்திருந்தார்கள். கோபப்பட அவருக்குக் காரணம் இருந்தது. ஆனாலும், நாமும் குற்றமுள்ளவர்கள் என்பதால் இந்த ஜெபத்தைச் சொந்த வாயால் ஜெபிக்க நமக்குத் தகுதியில்லை, குற்றமற்ற கிறிஸ்து ஒருவரே இதை ஜெபிக்க முடியும், அவரோடு சேர்ந்துதான் நாம் ஜெபிக்கிறோம், இதில் கேட்கப்படும் ஆக்கினை சிலுவையில் அவர்மேலேயே விழுந்தது என்று அவர் பேசினார். இது உங்களுக்குக் கொஞ்சம் தூரமான பேச்சாகத் தோன்றலாம், பரவாயில்லை, வைத்திருங்கள்.

அதைவிட உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது நிறவெறி ஆட்சிக் காலத்துத் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1985 ஜூன் 16 அன்று, சொவேட்டோ மாணவர் எழுச்சியின் நினைவு நாளில், அநீதியான ஆட்சி முடிவுக்கு வர வேண்டும் என்று ஜெபிக்க அங்கிருந்த சபைத் தலைவர்கள் சிலர் அழைப்பு விடுத்தார்கள். ஓர் அரசாங்கம் விழ வேண்டும் என்று சபை ஜெபிக்கலாமா என்று சபைகளுக்குள்ளேயே பெரிய சண்டை. கேட்டது என்ன என்று பாருங்கள்: ஒடுக்குகிறவர்கள் அதிகாரத்திலிருந்து அகல வேண்டும். 'அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்' என்ற 109:8இன் இரண்டாம் பாதி அது. தீமை செய்ய அவன் எதைப் பயன்படுத்துகிறானோ, அது அவன் கையைவிட்டுப் போகட்டும். உங்கள் விஷயத்தில் அது அந்தப் பத்திரம், ஊரில் அவருக்கு இருக்கிற சொல்வாக்கு, அவர் பேச்சை நம்புகிற கமிட்டி. இவற்றைப் பெயர் சொல்லியே ஜெபியுங்கள். பொய் வெளியே வரட்டும், கையெழுத்துப் போட்ட சாட்சிகள் வாய் திறக்கட்டும் என்று கேளுங்கள். அவர் வெட்கப்பட்டுத் திரும்பட்டும் என்றும் கேளுங்கள். 83ஆம் சங்கீதத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது, அவர்கள் உம்முடைய நாமத்தைத் தேடும்படி அவர்கள் முகங்களை அவமானத்தாலே மூடும் என்று.

109ஐ இனி படிக்கலாமா? படியுங்கள், முழுவதும் படியுங்கள். ஆனால் 'அவன்' என்ற இடத்தில் யார் பெயரையும் போட வேண்டாம். தினமும் படிக்க வேண்டுமென்றால் 35ஆம் சங்கீதம் உங்கள் வழக்குக்கு இன்னும் பொருத்தம். 'கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடும்' என்று தொடங்கும். நடுவில், இந்த எதிரிகள் வியாதியாய்க் கிடந்தபோது நான் இரட்டு உடுத்து உபவாசம் இருந்தேனே என்று ஒரு வசனம் வரும். அந்த வசனத்தில் உங்களுக்கு அந்தப் பையன் ஞாபகம் வருவான்.

கோர்ட்டுக்குப் போகாதே என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6ஐ மனதில் வைத்துத்தான் போதகர் சொல்லியிருப்பார். அங்கே பவுல், சகோதரருடைய வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று சபையைப் பார்த்துத்தான் கேட்கிறார். அநியாயம் செய்கிறவர்களையும் அதே மூச்சில் கடிந்துகொள்கிறார். ஆகவே போதகரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ஐயா, அத்தானையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பத்திரத்தை மேசைமேல் வைத்து நீங்களே விசாரிப்பீர்களா என்று. கமிட்டி உறுப்பினரை விசாரிப்பதைவிட விதவையை மன்னிக்கச் சொல்வது சுலபம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். விசாரித்தால் நல்லது. மாட்டேன் என்றால், இராயருக்கு அபயமிட்ட, அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்த, பவுலின் வழியில் நீங்களும் போகலாம். ரோமர் 13 அரசாங்க அதிகாரத்தையும் தேவனுடைய ஊழியக்காரன் என்றே சொல்கிறது.

வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தோட்டத்தின் பழைய பத்திரம் அல்லது நகல், வில்லங்கச் சான்று இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு என்பது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மோசடி தெரியவந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. ஒரு வருஷம் போய்விட்டதால், இந்த மாதமே போய்விடுங்கள். மற்றதை வக்கீல் சொல்வார்.

பையனைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவர்களுக்கு அவன் அண்ணன். நீங்கள் ஜெபித்ததை அவனிடமோ உங்கள் ஓரகத்தியிடமோ சொல்ல வேண்டாம். அது அவர்கள் சுமக்க வேண்டிய பாரம் இல்லை, கர்த்தரிடம் சொன்னால் போதும். அத்தான் அங்கே இருந்தால் ஒரு வணக்கம். தோட்டத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தையும் வேண்டாம், அவர் எடுத்தாலும் 'அதை அப்புறம் பேசிக்கலாம் அத்தான்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும் நாளை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.